தூங்கினவன் அளவு

அம்மாவின் கல்யாணக் கவுனைத் தங்கச்சி போட்டுப் பார்த்த அன்றைக்கு, எங்கள் வீட்டு நடு அறையில் அவளைத் தவிர வேறு யாருக்கும் இடமில்லை. நான் கட்டில்மேல் ஏறி நின்றேன். அம்மா சமையலறை வாசலோடு நின்றுவிட்டாள். இடுப்புக்குக் கீழே கவுன் குடை மாதிரி விரிந்து, ஒரு பக்கம் நாற்காலியைத் தள்ளியது. மறுபக்கம் பீரோக் கதவைச் சாத்தியது. அந்தத் துணி மலையின் உச்சியில் தங்கச்சியின் தலை மட்டும் தெரிந்தது.

"இதுக்குள்ள நான் மட்டும்தான் இருக்கேனா, இல்ல இன்னும் நாலு பேர் ஒளிஞ்சிருக்காங்களா?" என்றாள்.

"கல்யாண உடுப்புன்னா அப்படித்தான். நான் போட்டுட்டு உள்ள வந்தப்ப வாசல்ல ரெண்டு கதவையும் தொறந்து விட்டாங்க" என்றாள் அம்மா. அதைச் சொல்லும்போது அம்மாவின் முகத்தில் அந்த ரெண்டு கதவும் இன்னொரு தடவை திறந்தன.

"எனக்கு ஒத்தைக் கதவு போதும்மா. தோள்ல இருந்து நேரா விழணும். செம்புல இருந்து தண்ணி ஊத்தினா விழுமே, அப்படி."

அம்மா கவுனின் அடிமடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தாள். தங்கச்சி மெதுவாகச் சொன்னாள்.

"அம்மா, பொறந்ததுல இருந்து அண்ணன் போட்டுக் கழிச்சதைத்தான் நான் போட்டேன். சட்டை, ஸ்வெட்டர், மழைக்கோட்டு எல்லாம். பிஸ்கட் கம்பெனியிலயும் யாரோ குண்டு ஆளோட கோட்டைத்தான் குடுத்திருக்காங்க. கையை மடிச்சு மடிச்சு எனக்கு மணிக்கட்டே மறந்து போச்சு. இந்த ஒண்ணாவது என் உடம்பைப் பார்த்துத் தைச்சதா இருக்கட்டுமே."

அவள் சொன்னது சத்தியம். நான் ஒல்லி, அவளும் ஒல்லி. எனக்கு மூன்று வயது கூடுதல். ஆனால் ஒரு கட்டத்தில் நான் வளர்வதை நிறுத்திவிட்டேன், அவள் வந்து சேர்ந்துகொண்டாள். அதற்கப்புறமும் சட்டைகள் என்னிடமிருந்து அவளிடம் போய்க்கொண்டுதான் இருந்தன. அவளிடமிருந்து எதுவும் என்னிடம் வந்ததில்லை, ஜலதோஷம் தவிர.

அம்மா கடைசியில் இறங்கி வந்தாள். ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "வெட்டுற துணியில ஒரு துண்டுகூடக் குப்பைக்குப் போகக் கூடாது. எல்லாத்தையும் ஏதாவது ஒண்ணா ஆக்கிடணும்."

மறுநாள் காலையில் தங்கச்சி வேலைக்குத் திரும்பிப் போனாள். அவள் வேலை பார்க்கும் ஊர் ஒரு இரவு பஸ் தூரம். கல்யாணத்தன்று காலையில் வந்து இறங்கத்தான் லீவு கிடைத்தது.

எங்கள் தெருமுனையில் தையல்கடை வைத்திருக்கும் அக்காவிடம் கவுனைக் கொண்டுபோனோம். கடை என்றால் நீளமான ஒரு பொந்து. முன்னால் ஒரு கண்ணாடிக் கதவு, உள்ளே இரண்டு மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, ஆளுயரக் கண்ணாடி ஒன்று. தங்கச்சி போனிலேயே அளவுகளைச் சொன்னாள். அக்கா கேட்டு முடித்துவிட்டு போனை அம்மாவிடம் திருப்பிக் கொடுத்தாள்.

"நம்பரை வச்சு சாக்குப் பை தைக்கலாம். நேரா விழுற கவுனுக்கு ஆள் வேணும்மா. தோள் எங்க முடியுது, முதுகு எங்க உள்ள போகுது, எல்லாம் உடம்புல வச்சு ஊசி குத்தினாத்தான் தெரியும். குடை மாதிரி உடுப்பு எல்லாத்தையும் மறைச்சிடும். இது எதையும் மறைக்காது."

கடையில் ஒரு பொம்மை இருந்தது. அதற்கிருந்த இடுப்பு எங்கள் குடும்பத்தில் எந்தக் காலத்திலும் யாருக்கும் இருந்ததில்லை. அம்மா பொம்மையைப் பார்த்தாள், தன்னைப் பார்த்துக்கொண்டாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"இவனை நிறுத்துங்க."

"அம்மா!"

"என்ன அம்மா? ஒரே உயரம், ஒரே தோளு. நில்லுன்னுதானே சொல்றேன், மேடை ஏறவா சொல்றேன்?"

"அவளுக்குத் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவா."

"தெரிஞ்சாத்தானே!"

அக்கா டேப்பை என் தோளில் வைத்துப் பார்த்து, "ஆமாம்மா, அச்சா அதே அளவு" என்றாள். அதோடு என் கதை முடிந்தது.

நான் கிடங்கில் மூட்டை இறக்குகிறவன். விடியும்போது தொடங்கினால் மதியம் தாண்டித்தான் விடுவார்கள். எனக்கு ஒரு பழக்கம். எங்கே அசையாமல் நின்றாலும் தூக்கம் வந்துவிடும். லாரி வரும்வரை சுவரில்கூடச் சாயாமல் நின்றபடியே தூங்குவேன். அதனால் கிடங்கில் எனக்குக் கம்பம் என்று பெயர். அம்மாவுக்கு இது தெரியும். ஆனால் அம்மா அதைத் தூக்கம் என்று நினைக்கவில்லை, பொறுமை என்று நினைத்திருந்தாள்.

அக்கா முதலில் கவுனின் பாவாடையைப் பிரித்து, குடை மாதிரி விரிவதற்காக வைத்திருந்த பட்டைகளை எல்லாம் உருவி எடுத்தாள். மேஜைமேல் பாதிக் கவுன் தனியாகக் குவிந்தது. அம்மா தன் நிபந்தனைப்படி கணக்குப் போட்டாள். மாப்பிள்ளை வீட்டுக்கு இரண்டு தலையணை உறை. அதற்கு மேலும் மிஞ்சியதில் எனக்கு ஒரு முழுக்கைச் சட்டை.

"நிக்கிறதுக்குக் கூலியா வச்சுக்கோடா" என்றாள்.

சட்டைக்கு அக்கா அளவெடுத்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணாடிக் கதவில் ஒரு முகம் ஒட்டியது. கிடங்கில் என்னோடு மூட்டை தூக்குகிற ரேடியோ. காதில் விழுந்ததை ஊருக்கே ஒலிபரப்புவான், அதனால் அந்தப் பெயர். கண்ணைச் சுற்றிக் கையால் கூடாரம் கட்டிக்கொண்டு உள்ளே பார்த்தான். என்னைப் பார்த்தான். மேஜையிலிருந்த கவுனைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். எனக்கு முதுகெலும்பு இரும்புக் கம்பி மாதிரி நிமிர்ந்தது. அக்கா அப்படியே அளவெடுத்து முடித்தாள்.

அவன் போனபிறகுதான் கவுனை மாட்டிக்கொண்டேன். நெஞ்சுக்கு இரண்டு துண்டை மடித்து உள்ளே வைத்தாள். ஏறி நிற்க ஒரு சோப்புப் பெட்டி போட்டாள். நான் நூறு தடவை தூக்கியிருக்கிற பெட்டி. அன்றைக்குத்தான் அது என்னைத் தூக்கியது.

"கையைத் தொங்க விடு தம்பி. நேரா பாரு."

அதற்கப்புறம் அக்கா பேசவில்லை. வாய் நிறையக் குண்டூசி. "ம்" என்றால் திரும்பணும், "ம்ம்" என்றால் போதும். வேலையில் இறங்கிவிட்டால் அவள் ஆளின் முகத்தைப் பார்க்க மாட்டாள், துணியைத்தான் பார்ப்பாள். கவுனின் உள்துணி வழுவழுவென்று இதமாக இருந்தது. இஸ்திரிப் பெட்டியின் சூடு பக்கத்திலிருந்து மெல்ல அடித்தது. அன்றைக்குக் காலையிலிருந்து நான் இறக்கியது எல்லாம் சிமென்ட் மூட்டை. உடம்பைத் தொட்டுத் தொட்டு யாரோ அக்கறையாக ஏதோ செய்கிறார்கள் என்ற நினைப்பு கடைசியாக இருந்தது.

"ம்ம்" என்று தொடையில் ஒரு தட்டு விழுந்ததும் கண் திறந்தேன். வெளியே வெயில் சாய்ந்திருந்தது.

அக்கா குண்டூசிகளை எல்லாம் துப்பிவிட்டு அம்மாவிடம், "இத்தனை வருஷத்துல இப்படி ஆடாம அசையாம நிக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லம்மா. பொண்ணுங்க போன் பார்க்கும், சிரிக்கும், நெளியும். இந்தப் புள்ள சிலை!" என்றாள்.

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "சின்ன வயசுல இருந்தே அடக்கம்" என்றாள். நான் அடக்கமாக வாயைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் கிடங்கில் நான் நுழைந்ததும் எல்லோரும் வரிசையாக வழிவிட்டு நின்றார்கள். என் தோளில் முதல் மூட்டையை ஏற்றும்போது ரேடியோ, "மெதுவாடா, பொண்ணு களைச்சுப் போயிடும்" என்றான். "மாப்பிள்ளை என்ன வேலை பார்க்கிறாரு மச்சான்?" என்று ஒருத்தன் கேட்டான். "வரதட்சணையா லாரி கேட்டாங்களாமே" என்று இன்னொருத்தன். தங்கச்சிக்காக என்று நான் விளக்கிச் சொன்னதும் ரேடியோ கொஞ்சம் அடங்கினான். "அப்ப கல்யாணத்துக்கு வண்டி நான் கொண்டு வரேன்" என்றான். அதுவும் ஊருக்கே ஒலிபரப்பானது.

சட்டை முதலில் வந்தது. போட்டுப் பார்த்தேன். என் வாழ்க்கையில் கழுத்துக்குப் பின்னால் மடிப்பு விழாத முதல் சட்டை. தோள் தோளில் நின்றது. கை மணிக்கட்டில் வந்து, தனக்கு வேலை முடிந்தது என்று தெரிந்ததுபோல நின்றுகொண்டது. நான் வாங்கும் சட்டை எல்லாம் குவியலில் பொறுக்குவதுதான். கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பி முதுகைப் பார்த்தேன். அம்மா, "போதும்டா, தேஞ்சிடப் போகுது" என்றாள்.

கல்யாணத்தன்று காலையில் தங்கச்சி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராகத் தையல்கடைக்குத்தான் வந்தாள். முகம் கழுவிய ஈரம்கூடக் காயவில்லை. அம்மா, அக்கா, புதுச்சட்டையில் நான். வாசலில் கிடங்கு வேனை நிறுத்திவிட்டு ரேடியோ ஒரு பெரிய கறுப்புக் கோட்டில் காத்திருந்தான். அவனுடைய மாமனாருடையதாம்.

திரைக்குப் பின்னால் போய்க் கவுனை மாட்டிக்கொண்டு தங்கச்சி வந்தாள்.

இடுப்புக்குக் கீழே பார்த்தால் அவள் கேட்ட தண்ணீர்தான். சொட்டு சிந்தாமல் நேராக விழுந்தது. இடுப்புக்கு மேலேதான் கோளாறு. முதுகில் ஒரு சின்ன மூட்டை புடைத்தது. முன்பக்கம் எட்டாமல் இழுத்ததில், முன்னால் கவுனின் விளிம்பு தூக்கிக் கணுக்கால் தெரிந்தது.

அக்கா சுற்றி வந்தாள். இழுத்தாள், தட்டினாள், நீவினாள். "முன்னாடி ஏறுது, பின்னாடி தொங்குது. எப்படி? ஊசி குத்தின இடத்துலதானே தைச்சேன்!"

"நேரா நில்லு பாப்பா" என்றாள் அம்மா.

"நேராத்தாம்மா நிக்கிறேன்."

தங்கச்சி கண்ணாடியையே பார்த்தாள். பிறகு தோளைக் கொஞ்சம் தளர்த்தினாள். முதுகு மூட்டை சிறுத்தது. தலையை முன்னால் சாய்த்தாள். கழுத்து உட்கார்ந்தது. முழங்காலை லேசாக மடக்கி, நெஞ்சை உள்ளே வாங்கி, தாடையைத் தொங்கவிட்டாள். கவுன் அச்சில் வார்த்ததுபோல அவளோடு ஒட்டிக்கொண்டது. எங்கேயும் ஒரு சுருக்கம் இல்லை.

அவள் அதே கோணத்தில் இருந்தபடி என் பக்கம் மெதுவாகத் திரும்பினாள்.

"அண்ணே. இது யாரு?"

நான் இஸ்திரி மேஜையைப் பார்த்தேன்.

"இப்படி நிக்கிற ஆளு இந்த ஊர்லயே ஒருத்தன்தான். பஸ் ஸ்டாப்புல, ரேஷன் வரிசையில, என் ஸ்கூல் விழாவுல. சொல்லு, யாரை நிறுத்தி வச்சுத் தைச்சீங்க?"

"தூங்கினியா தம்பி?" என்றாள் அக்கா.

"கொஞ்சம்."

"கொஞ்சமா! கழுத்துல இருந்து முழங்கால் வரைக்கும் தூங்கியிருக்க! நான் உன் தூக்கத்துக்குல்ல ஊசி குத்தியிருக்கேன்!"

வாசலில் ரேடியோ சிரித்தான். தங்கச்சி சிரிக்கவில்லை. கவுனோடு சோப்புப் பெட்டியில் உட்கார்ந்தாள்.

"அப்ப இதுவும் உன் அளவுதான்" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் குரலில் கோபமே இல்லை. மடித்து மடித்துப் பழகின கையை வழக்கம்போல இன்னொரு தடவை மடித்துக்கொண்ட மாதிரி இருந்தது.

"விடுங்க. பஸ்ல வந்த சுடிதார்லயே போறேன். அதுவாவது கடையில என் காசு குடுத்து வாங்கினது."

அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். அவளுடைய கவுனைப் பாதியாக வெட்டியாயிற்று. அந்தப் பாதியும் மேடைக்குப் போகாது.

"இரும்மா, இரு, செத்தா போயிட்டோம்?" என்று அக்கா கவுனைச் சுற்றி மண்டியிட்டாள். "பின்னாடி மிச்சத்தை இடுப்புத் தையல்ல உள்ள தள்ளிடுவேன். முன்னாடிதான் நாலு விரக்கடை துணி வேணும். இதே துணி. வேற வச்சா ஒட்டுப் போட்டது பளிச்சுன்னு தெரியும். வெட்டினதுல எங்க மிச்சம்?"

"எல்லாத்தையும் ஏதாவது ஒண்ணா ஆக்கிட்டோமே" என்றாள் அம்மா, குற்றவாளி மாதிரி. "தலையணை உறை மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிடுச்சு."

"நான் வேன்ல போய் வாங்கிட்டு வரவா?" என்றான் ரேடியோ.

"என்னன்னு கேப்ப? கல்யாணத்தன்னிக்குக் காலையில பொண்ணு வீட்டுக்காரங்க தலையணை உறையைத் திருப்பிக் கேக்குறாங்கன்னா?" என்றாள் அம்மா.

"அதுவும் மாப்பிள்ளை இந்நேரம் அதுலதான் படுத்திருப்பாரு. தலையைத் தூக்குங்கன்னு சொல்லணும்" என்றாள் அக்கா.

அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது எதிரே கண்ணாடியில் நான் தெரிந்தேன். சட்டை நல்ல அழகு. ஒரு நொடி நன்றாகப் பார்த்துக்கொண்டேன். பிறகு மேல் பித்தானைக் கழற்றினேன்.

"அக்கா, இதோட முதுகு எவ்ளோ அகலம் வரும்?"

"அண்ணே, வேணாம்." தங்கச்சி எழுந்துவிட்டாள்.

"சும்மா இரு. முதுகை நானே பார்த்ததில்ல, வேற எவன் பார்க்கப் போறான்? முன்பக்கம், காலர், கை எல்லாம் இருக்கும்ல? டேய் ரேடியோ, கோட்டைக் குடு."

"எங்க மாமனார்து மச்சான்."

"தின்னுட மாட்டேன், குடு."

அக்கா சட்டையை மேஜையில் விரித்தாள். கத்தரியை எடுத்தவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். துணி கிழிபடும் சத்தம் அல்ல, கத்தரி போகிற மெல்லிய சத்தம்தான் கேட்டது. ஆனாலும் முதுகில் சில்லென்றது.

பிறகு தங்கச்சியைப் பெட்டிமேல் ஏற்றினாள்.

"முழிச்சிருக்கியா பாப்பா?"

"முழிச்சுத்தான் இருக்கேன்க்கா."

"உங்க வம்சத்தை நம்ப மாட்டேன். ராத்திரி பூரா பஸ்ல வந்திருக்க. பேசிக்கிட்டே இரு. பேச்சு நின்னா ஊசி நின்னுடும்."

தங்கச்சி பேசினாள். பிஸ்கட் கம்பெனியின் பெல்ட் ஓடும் வேகத்தைச் சொன்னாள். உடைந்த பிஸ்கட்டைத் தின்று பிடிபட்ட மேஸ்திரியைச் சொன்னாள். மாப்பிள்ளை முதன்முதலில் என்ன பேசுவது என்று தெரியாமல் அவளிடம் மழை வருமா என்று கேட்டதைச் சொன்னாள். அக்கா முதல் தடவையாக ஊசி குத்தும்போது ஆளின் முகத்தைப் பார்த்தாள், ஒவ்வொரு ஊசிக்கும் ஒரு தடவை. பேசப் பேசத் தங்கச்சி நிமிர்ந்தாள். நான் தூங்கவில்லை. அன்றைக்கு அங்கே நின்றவர்களில் அசையாமல் விழித்திருந்தவன் நான்தான்.

மெஷின் ஓடி நின்றது. முன்னிடுப்பில் நாலு விரல் பட்டை, பக்கங்களில் ஒடுங்கி முடிந்தது. ஒட்டுப் போட்டது என்று யாரும் சொல்ல முடியாது, வேண்டுமென்றே வைத்த வேலைப்பாடு மாதிரி இருந்தது. தங்கச்சி கண்ணாடி முன் நேராக நின்றாள். கவுனும் நேராக நின்றது. கையை இப்படி அப்படித் திருப்பி மணிக்கட்டைப் பார்த்தாள். அம்மா அவளைச் சுற்றி ஒரு தடவை நடந்தாள். குடையைக் காணோமே என்று சொல்வாள் என்று நினைத்தேன். "ஒத்தைக் கதவே போதும்" என்றாள்.

கல்யாணக் கூடத்தில் மின்விசிறி மேடைக்கு மட்டும்தான் சுற்றியது. கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. எனக்குத்தான் அந்தக் கோட்டுக்குள் தனியாக ஒரு கோடைக்காலம் நடந்தது. கை விரல் நுனிவரை கோட்டு. தாடையிலிருந்து வியர்வை சொட்டியது. மாப்பிள்ளையின் மாமா ஒருத்தர், நல்ல மனுஷன், என்னைப் பிடித்துக்கொண்டார்.

"கோட்டைக் கழட்டுங்க தம்பி. நம்ம வீடு மாதிரி நினைச்சுக்குங்க."

"பரவால்ல மாமா. லேசா குளிருது."

"குளிருதா! சட்டை அருமையா இருக்கே. எங்க வீட்டுக்கு வந்த தலையணை உறையும் இதே துணிதானே? இவ்ளோ நல்ல சட்டையை மூடி வைக்கலாமா?"

எப்படியோ நழுவிப் போட்டோ வரிசையில் போய் நின்றேன். வரிசை நகரவில்லை. நான் அசையாமல் நின்றேன். அங்கேதான் தப்பு நடந்தது.

எனக்கு அடுத்து நினைவிருப்பது முதுகில் குளிர்ந்த காற்று. அப்பாடா, விசிறியை இந்தப் பக்கம் திருப்பிவிட்டார்கள் என்று தூக்கத்திலேயே சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் கூடம் அமைதியாகிவிட்டது தெரிந்தது. கண் திறந்தால், மாமா என் கோட்டைப் பிள்ளை மாதிரி கையில் ஏந்திக்கொண்டு என் பின்னால் நிற்கிறார். நான் வியர்த்து நின்றபடி தூங்குவதைப் பார்த்துப் பாவப்பட்டு, எழுப்பாமல் மெதுவாகக் கழற்றிவிட்டிருக்கிறார்.

"தம்பி..." என்றார். "சட்டையில பின்பக்கம் காணோமே?"

அம்மா முகத்தை மூடிக்கொண்டாள். ரேடியோ மட்டும் தன் மாமனார் கோட்டு பத்திரமா என்று எட்டிப் பார்த்தான்.

மேடையிலிருந்து தங்கச்சி இறங்கி வந்தாள். கவுன் தண்ணீர் மாதிரி கூடவே வந்தது. எல்லோருக்கும் கேட்கும்படி, இடுப்புப் பட்டையில் கையை வைத்துச் சொன்னாள்.

"அதுவா மாமா? அது என்கிட்ட இருக்கு."

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து அவரும் சிரித்தார். அவர் சிரித்ததும் கூடமே சிரித்தது. மாப்பிள்ளை ஓடிவந்து தன் கோட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினார். தங்கச்சி அவர் கையைத் தடுத்தாள்.

"வேணாம், காத்து வாங்கட்டும். இன்னிக்கு நான் நல்லா உடுத்தியிருக்கேன், அண்ணன் மிச்சத்தைப் போட்டுக்கட்டும்."

போட்டோக்காரன் என்னைத் தங்கச்சிக்குப் பக்கத்தில் சுவரோரமாக நிறுத்தினான். "அண்ணே, எந்தக் காரணம் கொண்டும் திரும்பிடாதீங்க" என்றான். அந்தப் படம் இப்போது அம்மாவின் பீரோக் கதவில் ஒட்டியிருக்கிறது. அதில் எல்லோரையும் விட நிமிர்ந்து நிற்பவன் நான்தான். முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. சுவர் நல்ல குளிர்ச்சி.